கேட்ஸ்பி யாருக்காகச் சம்பாதித்தான்?

ஆரல்வாய்மொழியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடி நாவல் வாசிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

மக்களே,

‘தி கிரேட் கேட்ஸ்பி’ பற்றி நீங்கள் எழுதித் தந்த தாள்களை வாசித்து முடித்தேன். அநேகமாக எல்லாத் தாளிலும் ஒரே தீர்ப்புதான். கேட்ஸ்பி உத்தமக் காதலன், டெய்ஸி துரோகி. பையன்கள் இப்படித்தான் எழுதுவார்கள் என்று தெரியும். பெண்பிள்ளைகளும் அதையே எழுதியிருப்பதுதான் இடிக்கிறது. ஒரு தாளில் டெய்ஸிக்கு விழுந்திருக்கும் வசவை இங்கே எடுத்து எழுத முடியாது.

தாள் தாளாகத் திருத்துவதைவிட எல்லாருக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதிவிடலாம் என்று பட்டது. ஊரில் மற்றவர்களும் வாசிக்கட்டும். மகனை கல்ஃபுக்கு அனுப்பிவிட்டு இங்கே வீட்டுவேலையை மேற்பார்க்கிற அப்பாக்களும் வாசித்தால் நல்லது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்ஸ்பி ஒரு பெண்ணுக்காகப் பாடுபட்டு உயர்ந்தான் என்பது அவன் சொல்லும் கதை. நாவல் சொல்லும் கதை வேறு. உயர வேண்டும் என்று அவன் எப்போதோ கிளம்பியாகிவிட்டது. வழியில்தான் அவளைப் பார்க்கிறான். பிறகு தன் ஓட்டம் முழுவதற்கும் அவளே காரணம் என்று நம்பத் தொடங்கி, அந்தச் செலவை எல்லாம் அவள் பேரில் பற்று எழுதுகிறான். கடைசியில் வசூலுக்குப் போகிறான். அதுதான் அந்தக் கதை.

எப்படி என்று கேட்பீர்கள். தேதிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். நாவலை எழுதிய ஃபிட்ஸ்ஜெரால்ட் வேண்டுமென்றே அதைக் கலைத்துப் போட்டிருக்கிறார். கதை நடப்பது 1922 கோடையில். 1917இல் நடந்த காதலை நான்காம் அத்தியாயத்தில் டெய்ஸியின் தோழி ஜோர்டன் பேக்கர் பாதி சொல்கிறாள். மீதி எட்டாம் அத்தியாயத்தில் வருகிறது. அவன் பிறப்பும் பெயர் மாற்றமும் ஆறாம் அத்தியாயத்தில். சிறுவயதுக் குறிப்பு ஒன்று மட்டும் கடைசி அத்தியாயத்தில், அவன் செத்த பிறகு. காதல் முதலில் நம் கண்ணில் படுவதால் அவன் வாழ்க்கையிலும் அதுதான் முதலில் வந்தது என்று வாசிக்கிறவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கடைசி அத்தியாயத்துக் குறிப்பைத்தான் நீங்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. மகன் செத்த செய்தி கேட்டு கேட்ஸ்பியின் அப்பா ஹென்றி காட்ஸ் வருகிறார். பையில் ஒரு பழைய கௌபாய் கதைப் புத்தகம். பின் அட்டைப் பக்கம் மகன் எழுதிய கால அட்டவணை, தேதி 1906 செப்டம்பர் 12. காலை ஆறு மணிக்கு எழுவது. பிறகு கால் மணி நேரம் உடற்பயிற்சி. ஏழேகாலிலிருந்து ஒரு மணி நேரம் மின்சாரவியல் படிப்பு. எட்டரையிலிருந்து நாலரை வரை வேலை. அரை மணி நேரம் விளையாட்டு. ஐந்து முதல் ஆறு வரை பேச்சுப் பயிற்சியும் தோரணைப் பயிற்சியும். இரவு ஏழு முதல் ஒன்பது வரை, உலகத்துக்கு என்னென்ன கண்டுபிடிப்புகள் தேவை என்று ஆராய்வது. கீழே தீர்மானங்கள்: புகை கூடாது, ஒருநாள் விட்டு ஒருநாள் குளிக்க வேண்டும், வாரம் ஒரு நல்ல புத்தகம். வாரம் ஐந்து டாலர் சேமிப்பு என்று எழுதி, அதை அடித்து மூன்று என்று திருத்தியிருக்கிறான். அந்த அடித்தல்தான் எனக்கு நாவலிலேயே பிடித்த இடம். வடக்கு டகோட்டாவின் ஏழை விவசாயி மகனுக்கு ஐந்து கட்டுப்படியாகவில்லை.

(அந்தக் கௌபாய் நாவல் உண்மையில் வெளிவந்தது 1910இல். 1906இல் அதன் பின்பக்கத்தில் யாரும் எழுதியிருக்க முடியாது. தேதி விஷயத்தில் ஃபிட்ஸ்ஜெரால்ட் கொஞ்சம் அசால்ட்டான ஆள். இதைப் பரீட்சையில் எழுதினால் மார்க் வராது, சும்மா தெரிந்து வையுங்கள்.)

உங்களில் பலர் குரூப் ஃபோருக்குப் படிக்கிறீர்கள். இதேபோல ஒரு டைம்டேபிள் உங்கள் வீட்டுச் சுவரிலும் ஒட்டியிருக்கும். ஆகவே உங்களிடமே கேட்கிறேன். அந்த அட்டவணையில் டெய்ஸி எங்கே? இல்லை. இருக்கவும் முடியாது, அவளைப் பார்க்க இன்னும் பதினோரு வருஷம் கிடக்கிறது. அடுத்த ஆண்டு, பதினேழு வயதில், சுப்பீரியர் ஏரிக் கரையில் டான் கோடி என்ற கோடீஸ்வரரின் உல்லாசப் படகைப் பார்த்ததும் ஜேம்ஸ் காட்ஸ் என்ற பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜே கேட்ஸ்பி ஆகிவிட்டான். அந்த நேரத்தில் யோசித்துச் செய்த மாற்றமாகவும் தெரியவில்லை. அந்தப் பெயரை முன்பே தயாராக வைத்திருந்திருப்பான் என்கிறார் கதைசொல்லி நிக். பெயர், தோரணை, பேச்சு, குடிக்காத பழக்கம் என்று எல்லாம் அப்போதே அமைந்துவிட்டன. கோடி அவனுக்கென்று எழுதி வைத்த 25,000 டாலரும் கைக்கு வராமல் போயிற்று. சட்ட நுணுக்கம் தெரிந்தவர்கள் அதை அள்ளிக்கொண்டு போனார்கள். பணம் என்றால் என்ன என்ற பாடத்தையும் டெய்ஸிக்கு முன்பே படித்து முடித்தவன் அவன்.

1917இல் லூயிவில் ஊருக்குப் போகிறான், ராணுவ அதிகாரியாக. டெய்ஸிக்கு வயது பதினெட்டு. அந்த ஊரிலேயே பெரிய வீட்டுப் பெண். இந்த இடத்தை இரண்டு முறை வாசியுங்கள் மக்களே. முதலில் அவனை அசத்துவது அவள் வீடு. அப்படியொரு வீட்டுக்குள் அவன் அதுவரை நுழைந்ததில்லை. ஏற்கெனவே பல ஆண்கள் அவளை விரும்பினார்கள் என்பதும் அவன் கண்ணில் அவள் மதிப்பைக் கூட்டுகிறது. இதை நாவலே மறைக்காமல் சொல்கிறது. இன்னொன்று: தன்னிடம் காசில்லை என்பதை அவன் அவளிடம் சொல்லவில்லை. ராணுவச் சீருடை போட்டால் பணக்காரன் மகனும் கூலிக்காரன் மகனும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். தன்னைக் காப்பாற்றுகிற வசதி உள்ளவன் என்று அவளை நம்பவிட்டான். துரோகம் என்ற சொல்லை எடுத்தால் முதல் கணக்கு இங்கேயிருந்து ஆரம்பிக்க வேண்டும். உங்கள் தாள்கள் எல்லாம் 1922இல் ஆரம்பிக்கின்றன.

‘பழைய பணம், புதிய பணம்’ என்று கைடு புத்தகத்தில் ஒரு பாரா வருகிறது. அதை அப்படியே எழுதித் தந்திருக்கிறீர்கள், எதுவும் ஒட்டவில்லை. கிழக்கு எக், மேற்கு எக் என்று நாவல் பிரிக்கும் இரண்டு கரைகளும் நமக்குப் புரியாதவை அல்ல. நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் மருமக்கள் வழி இருந்த காலத்தை உங்கள் ஆச்சிகளின் ஆச்சிகள் கண்டிருப்பார்கள். குடும்பச் சொத்து குடும்பத் தலைவரான காரணவர் கையில். அவருக்குப் பிறகு அது சகோதரி பிள்ளைகளுக்கு. பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு. எது குடும்பச் சொத்து, எது ஒருவன் தன் கையால் சம்பாதித்தது என்பதில் கோர்ட்டு கோர்ட்டாக ஏறி இறங்கிக் குடும்பங்கள் ஓய்ந்து போயின. திருவிதாங்கூர் அரசு அதற்குச் சட்டம் கொண்டுவந்தது 1926இல். கேட்ஸ்பி நாவல் வந்தது 1925 ஏப்ரலில். அங்கே லாங் ஐலண்டில் கேட்ஸ்பி, தான் சம்பாதித்ததும் டெய்ஸியின் கணவன் டாம் புக்கானனுக்குப் பரம்பரையாக வந்ததும் ஒரே பணம்தானே என்று நம்பிக்கொண்டிருந்தபோது, இங்கே ஒரு வட்டாரம் முழுக்க அது ஒன்றல்ல என்று வழக்காடிக்கொண்டிருந்தது. டாம் அவனுடைய ரோஸ் நிற கோட்டைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடுகிறான். அந்தப் பார்வை நம்மூர்க் காரணவர் பார்வைதான்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அந்தச் சொத்துச் சண்டையைப் பற்றித் தேரூர் கவிமணி எழுதிய ‘மருமக்கள்வழி மான்மியம்’ உங்களுக்குத் தெரியும். அதில் கதை சொல்வது யார்? காரணவரின் ஐந்தாவது மனைவி. சொத்தும் ஆண்களும் மோதிக்கொள்ளும் இடத்தில் அடிவாங்குகிறவளின் வாயில் கவிமணி கதையைக் கொடுத்தார். ஃபிட்ஸ்ஜெரால்ட் கொடுக்கவில்லை. கேட்ஸ்பி கதையை நிக் சொல்கிறான், நிக்குக்கு கேட்ஸ்பி மேல் மயக்கம். டெய்ஸி பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் அவள் தூரத்து உறவுக்காரனான நிக்கும் தோழி ஜோர்டனும் சொன்னவை. அவளுக்கென்று ஒரு அத்தியாயம் கிடையாது. உங்கள் தீர்ப்பு ஒருதரப்பு வாக்குமூலத்தின் பேரில் எழுதப்பட்டது என்கிறேன்.

அந்த ஒருதரப்பு வாக்குமூலத்துக்குள்ளேயே இரண்டு சம்பவங்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, பெட்டி. கேட்ஸ்பி போருக்குக் கப்பலேறும் நேரம். குளிர்கால இரவில் டெய்ஸி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாள், நியூயார்க் போய் அவனை வழியனுப்ப. அம்மா பார்த்துவிடுகிறாள், தடுத்துவிடுகிறார்கள். பிறகு பல வாரங்கள் வீட்டில் யாரோடும் அவள் பேசவில்லை. ஊருக்குள் இப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று ஜோர்டன் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறாள். சின்ன பத்தி அது. பெண்பிள்ளைகளே, உங்களைத்தான் கேட்கிறேன், இந்த இடத்தை எப்படித் தாண்டிப் போனீர்கள்? அந்தப் பெட்டி அமெரிக்காவில் மட்டும் இருக்கிற பெட்டியா?

இரண்டாவது, குளியல் தொட்டி. 1919 ஜூன். அவன் போர் முடிந்தும் திரும்பவில்லை. ஏதோ குளறுபடியில் அவனை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் கடிதம் மேல் கடிதம் எழுதுகிறாள். ஏன் வரவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை, இந்தப் பக்கம் வீடும் ஊரும் நெருக்குகின்றன. டாமோடு கல்யாணம் நிச்சயமாகிறது. அவன் போட்ட முத்துமாலையின் மதிப்பு மூன்றரை லட்சம் டாலர். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயந்திரம், ஜோர்டன் அறைக்குள் போனால், பெண் குடித்துவிட்டுப் படுக்கையில் கிடக்கிறாள். ஒரு கையில் பாட்டில், ஒரு கையில் கடிதம். மாலையைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து, கொடுத்தவனிடமே திருப்பிக் கொடுங்கள், டெய்ஸி மனசு மாறிவிட்டாள் என்று எல்லாரிடமும் சொல்லுங்கள் என்கிறாள். அழுகிறாள். ஜோர்டனும் அம்மாவின் வேலைக்காரியும் சேர்ந்து அவளைக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிறார்கள். கடிதத்தை அவள் விடவில்லை. தண்ணீரில் ஊறி, கசக்கிய உருண்டையாகி, இழை இழையாகப் பிரிந்து வரும்போதுதான் சோப்புப் பெட்டியில் வைக்க விடுகிறாள். நெற்றியில் ஐஸ் வைத்து, மறுபடி உடுப்பு மாட்டி, அரைமணி நேரத்தில் வெளியே கூட்டி வருகிறார்கள். கழுத்தில் முத்துமாலை. மறுநாள் மாலை ஐந்து மணிக்குக் கல்யாணம்.

நம் பக்கத்தில் கல்யாண வீட்டுக்குள் நடக்கிற சமாதானப்படுத்தல்களைப் பார்த்தவர்களுக்கு இது புதுசா? பவுனைக் கழுத்தில் போட்டு, முகத்தைக் கழுவிவிட்டு, பவுடர் போட்டு வெளியே அழைத்து வந்து உட்கார வைப்பார்கள். வெளியே இருக்கிறவனுக்குப் பெண் சிரித்துக்கொண்டிருப்பதுதான் தெரியும். பணத்தைப் பார்த்து டாமைக் கட்டினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பணமும் அதில் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொட்டியைத் தாண்டிக்கொண்டு அந்த வாக்கியத்தை எழுதக்கூடாது.

இனி அந்த வீடு. டெய்ஸி வீட்டுக்கு நேரெதிரே, இடையில் விரிகுடாத் தண்ணீர் மட்டும் கிடக்க, மாளிகை வாங்குகிறான் கேட்ஸ்பி. சனிக்கிழமைதோறும் விருந்து, வந்து தின்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு அழைப்பே கிடையாது. ஏன் இத்தனை? ஒருநாள் அவளும் வழிதவறி வந்துவிட மாட்டாளா என்றுதான். இதை எழுதும்போது உங்களில் ஒரு பையன் ‘வசந்த மாளிகை’யைச் சேர்த்திருக்கிறான். நல்ல ஒப்பீடு, பாராட்டுகிறேன். 1972இல் சிவாஜி கட்டிய காதல் மாளிகை. ஆனால் அந்த ஆனந்த் ஜமீன்தார் மகன். அவனிடம் பணம் எப்போதும் இருந்தது, வீடு கட்டுவது அவனுக்கு ஒரு உபசாரம். தேவதாஸும் பணக்கார வீட்டுப் பிள்ளைதான், அவன் எதையும் சம்பாதிக்கவில்லை, தன்னை அழித்துக்கொண்டான், அவ்வளவுதான். இவர்களோடு கேட்ஸ்பி சேர மாட்டான். அவன் மாளிகையில் ஒவ்வொரு கல்லுக்கும் விலை கொடுத்தவன். அமெரிக்காவில் 1920இலிருந்து மதுவிலக்கு. மருந்துக்கடை என்று போர்டு மாட்டி, உள்ளே சாராயம் விற்ற கூட்டத்தில் அவனும் ஒருவன். 1919 பேஸ்பால் கோப்பையையே சூதாட்டத்தில் விலைபேசியதாக நாவல் சொல்லும் வூல்ஃப்ஷைமின் சீடன். (படத்தில் அந்த வேஷத்தில் அமிதாப் பச்சனைப் பார்த்து நீங்கள் கை தட்டினீர்கள், எனக்குத் தெரியும்.) விலை கொடுத்தவனுக்கு ரசீது வேண்டும் என்று தோன்றும். அங்கேதான் பிசகு.

நாம் இதை வேறு பெயரில் அன்றாடம் பார்க்கிறோம். ஆரல்வாய்மொழி ஸ்டேஷனில் ரயிலேறி பம்பாய்க்கும் சென்னைக்கும் போனவர்கள், விமானமேறி கல்ஃபுக்குப் போனவர்கள், பத்து வருஷம் கழித்து வந்து ரோட்டோரம் டைல்ஸ் ஒட்டிய வீடு கட்டிப் பால்காய்ப்பு வைக்கிறார்கள். சாப்பாடு பிரமாதமாக இருக்கும். அவர்களில் சிலர், எல்லாரும் இல்லை, சிலர், ஒரு வாக்கியத்தை வைத்திருப்பார்கள்: அவளுக்காகத்தான் போனேன். கேட்கப் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் அவர்களிடமும் நான் தேதியைத்தான் கேட்பேன். நீ பாஸ்போர்ட் எடுத்தது எப்போது? அவளிடம் முதலில் பேசியது எப்போது? அவள் உன்னைப் போகச் சொன்னாளா, போகாதே என்றாளா, எதுவுமே சொல்லவில்லையா? செய்தித்தாளில் ‘ஒருதலைக் காதல்’ என்று தலைப்புப் போட்டு வருகிற செய்திகளின் அடியிலும் இதே வாக்கியம்தான் கிடக்கிறது. இத்தனை வருஷம் பின்னாலேயே அலைந்தேனே என்று ஒருவன் கேட்கும்போது, அலைந்த வருஷத்தைக் கூலியாகக் கணக்குப் போட்டுவிட்டான் என்று அர்த்தம். கேட்ஸ்பி யாரையும் அடிக்கவில்லை, கத்தவில்லை, பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு இனிமையாகக் கேட்டான். கேட்டது அதேதான்.

பிளாசா ஹோட்டல் காட்சியை எடுங்கள். ஏழாம் அத்தியாயம். வெயில் கொளுத்துகிற நாள், ஐந்து பேர் ஒரு அறையில், கீழே யாருக்கோ கல்யாண இசை. டெய்ஸி டாமை விட்டு வருவதற்குத் தயாராகத்தான் இருக்கிறாள். கேட்ஸ்பிக்கு அது போதவில்லை. டாமை ஒருநாளும் காதலித்ததே இல்லை என்று அவள் வாயால், டாமின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்கிறான். அவளும் முயற்சி செய்கிறாள். முடியவில்லை. ஒருகாலத்தில் அவனையும் காதலித்தேன், உன்னையும்தான் என்று உண்மையைச் சொல்லி அழுகிறாள். இப்போது உன்னைக் காதலிக்கிறேன், அது போதாதா என்கிறாள். அந்த அறையில் நேர்மையாகப் பேசிய ஒரே ஆள் அவள்தான். கேட்ஸ்பிக்கு ஐந்து வருஷம் அழிய வேண்டும், அவள் வாழ்ந்த ஐந்து வருஷம். அதில் ஒரு பெண்குழந்தையும் அடக்கம். அந்தக் குழந்தையை முதன்முதலாகப் பார்க்கும்போது கேட்ஸ்பி முகத்தில் தெரியும் திகைப்பை நிக் கவனிக்கிறான். அப்படியொரு குழந்தை நிஜமாகவே இருக்கிறது என்பதை அதுவரை நம்பாதவன்போல நிற்கிறான்.

இதற்கு உங்கள் பதில் எனக்குத் தெரியும். ‘பழியை அவன் ஏற்றுக்கொண்டானே, உயிரையே கொடுத்தானே’ என்பீர்கள். உண்மை. கார் ஓட்டியது டெய்ஸி, டாமின் ஆசைநாயகி மர்ட்டில் வில்சனை இடித்துக் கொன்றது அவள், ஓட்டியது நானே என்று சொல்லத் தயாராக இருந்தது அவன். அன்று இரவு அவளுக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று அவள் வீட்டுத் தோட்டத்தில் காவல் நிற்கிறான். உள்ளே அவளும் டாமும் சமையலறை மேஜையில், ஆறிப்போன பொரித்த கோழிக்கு இருபுறமும் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவன் சாவுக்கு ஒரு பூகூட அவள் அனுப்பவில்லை. நம்மூரில் ஜென்மப் பகையாளிகூடத் துட்டிக்கு வந்து முகம் காட்டிவிட்டுப் போவான். டெய்ஸி கோழை, சுயநலக்காரி. இதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. அவன் பெரிய மனசுக்காரன் என்பதும் சரி. ஆனால் பெரிய மனசு காட்டினான் என்பதற்காக அவன் பிளாசாவில் கேட்டது நியாயமாகிவிடாது.

தாள்களில் எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது வேறு. செத்துப்போன மர்ட்டிலை ‘விபத்தில் இறந்த பெண்’ என்று ஒரு வரியில் முடித்திருக்கிறீர்கள். அவளும் மேலே ஏறப் பார்த்தவள்தான். சாம்பல் மேட்டுக்குப் பக்கத்தில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் ஏழையின் மனைவி. டாம் எடுத்துக் கொடுத்த ஃபிளாட்டில் ஒரு மத்தியானம் உடுப்பு மாற்றிச் சீமாட்டியாக இருந்து பார்க்கிறாள். டெய்ஸி பெயரைச் சொன்னதற்கு டாம் அவள் மூக்கை உடைக்கிறான். இந்த நாவலில் சாகிறவர்கள் மூன்று பேர்: மர்ட்டில், அவள் புருஷன் வில்சன், கேட்ஸ்பி. கிழக்குக் கரைக்காரர் ஒருவர்கூட இல்லை. அந்தச் சாம்பல் பள்ளத்தாக்கைக் கற்பனை செய்ய முடியவில்லை என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். நம் ஊர்ச் செங்கல் சூளைப் பக்கம் வேலைநேரத்தில் ஒரு தடவை போய் வா மக்கா. தலைமயிர், இமை, பக்கத்து வேலி என்று எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கும். அந்தத் தூசிக்கு நடுவில்தான் வில்சன் நிற்கிறான்.

நாஞ்சில் நாடனை வாசிக்கச் சொல்லி எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்ஸ்பியைப் புரிந்துகொள்ள அமெரிக்கக் கைடைவிட அவர் உதவுவார். வீரநாராயணமங்கலத்தில் பிறந்து பம்பாயில் வேலை பார்த்தவர். ‘எட்டுத் திக்கும் மதயானை’ 1998இல் வந்தது. அதில் பூலிங்கம் என்ற நாஞ்சில் நாட்டு இளைஞன், அவமானத்தோடும் ஆத்திரத்தோடும் ஊரைவிட்டு ஓடி, ஊர் ஊராக அலைந்து, பம்பாயின் நிழல் தொழில்களில் போய் விழுகிறான். கேட்ஸ்பி செய்த வேலைக்கு ரொம்ப தூரமில்லை. ஆனால் பூலிங்கத்துக்கு மாளிகையும் கிடையாது, பளபளப்பும் கிடையாது. தப்பான வழியில் வரும் காசு மனுஷனை என்ன பாடுபடுத்தும் என்பதை நாஞ்சில் நாடன் உடம்போடு எழுதுகிறார். ஃபிட்ஸ்ஜெரால்ட் அதை டெலிபோன் அழைப்புகளோடு விட்டுவிடுகிறார். சிகாகோவிலிருந்து ஃபோன் வரும், கேட்ஸ்பி எழுந்து போவான், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். அந்த வசதியில்தான் அவன் நம் கண்ணுக்கு அழகாக இருக்கிறான்.

‘தலைகீழ் விகிதங்கள்’ இன்னும் முந்தியது, 1977. ‘சொல்ல மறந்த கதை’ என்று படமாக வந்தது அதுதான். படித்த ஏழைப் பையன் சிவதாணு, பணக்கார வீட்டில் பெண் கட்டுகிறான். பிறகு மாமனார் வீட்டுப் பணத்துக்கு முன்னால் அவன் தன்மானம் படுகிற பாடுதான் நாவல். 1917இல் டெய்ஸி கேட்ஸ்பியையே கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு தாளில் கேள்வி கேட்டிருந்தீர்கள். அதற்கு விடை லூயிவில்லில் இல்லை, நம் வட்டாரத்தில் சிவதாணு வீட்டில் இருக்கிறது. சீருடையைக் கழற்றிய மறுநாள் கேட்ஸ்பியும் மாமனார் முகத்தில் விழித்தாக வேண்டும். நம்மூரில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முதலில் கேட்பது ‘நீ யாரு மவன்டே?’ என்றுதான். பெயரை மாற்றிக்கொண்டு புதிதாகப் பிறக்க இங்கே வழியே கிடையாது. கேட்ஸ்பிக்கு அந்த வழி திறந்திருந்தது. அதனால்தான் அவனால் அவ்வளவு பெரிய கற்பனையைக் கட்ட முடிந்தது. அவன் ஜெர்மன் கைசரின் உறவினன், யாரையோ கொன்றவன் என்று விருந்தாளிகள் வதந்தி பேசுகிறார்கள். மினசோட்டாவில் ஒரு அப்பா இருக்கிறார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

ஃபிட்ஸ்ஜெரால்ட் பற்றியும் ஒரு வார்த்தை. அவரும் இந்த அடிபட்டவர். சிகாகோ பணக்கார வீட்டுப் பெண் ஜினெவ்ரா கிங்கைக் காதலித்துக் கிடைக்காமல் போனவர். பிறகு ஸெல்டா சேயர், வருமானம் போதாது என்று 1919இல் நிச்சயத்தை முறித்தவள். அவர் உட்கார்ந்து முதல் நாவலை முடித்தார். 1920 மார்ச் 26இல் புத்தகம் வெளிவந்தது, ஏப்ரல் 3இல் கல்யாணம். ஆக, சம்பாதித்துக் காட்டிப் பெண்ணைப் பெற்றவர்தான் கேட்ஸ்பியை எழுதினார். வென்றவர் ஏன் தோற்றவன் கதையை எழுத வேண்டும்? பெற்ற பிறகும் அந்தக் கணக்குத் தீரவில்லை என்பதை அவர் உள்ளே இருந்து பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன். நாவல் அவர் காலத்தில் பெரிதாக ஓடவில்லை. முதல் அச்சு 20,870 பிரதிகள். அதே ஆண்டு போட்ட இரண்டாம் அச்சில் 3,000, அதிலும் விற்காமல் மிஞ்சியவை 1940இல் அவர் சாகும்போதும் கிடங்கில் இருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ வீரர்களுக்கு இலவசமாக 1,55,000 பிரதிகள் கொடுத்தார்கள். தூர தேசத்துக் கூடாரங்களில், ஊரில் விட்டுவந்த பெண்ணை நினைத்துக்கொண்டிருந்த பையன்கள் அதை வாசித்தார்கள். அவர்களும் உங்களைப் போலத்தான் தீர்ப்பு எழுதியிருப்பார்கள்.

தாள்களுக்கு மார்க் போடவில்லை. திருப்பித் தருகிறேன், மறுபடி எழுதுங்கள். நான்காம் அத்தியாயத்தில் ஜோர்டன் சொல்வதையும் ஏழாம் அத்தியாயத்தின் ஹோட்டல் காட்சியையும் வாசித்துவிட்டு, 1906லிருந்து 1922 வரை தேதி வாரியாக ஒரு பக்கம் குறித்து வாருங்கள். பெண்பிள்ளைகள் ஒருவர் டெய்ஸி பேச்சை வாசிக்க வேண்டும், பையன்களில் ஒருவன் கேட்ஸ்பி. போன தடவை மாதிரி டாம் பேச்சை என் தலையில் கட்டாதீர்கள். என் கட்சி தப்பு என்று தோன்றுகிறவர்கள் பக்க எண்ணோடு வாருங்கள், அங்கேயே சண்டை போடலாம். ஆனிக் காற்று ஆரம்பித்துவிட்டது, தாளைக் கிளிப் போட்டுக் கொண்டுவாருங்கள். போன ஞாயிறு ஒருத்தன் கட்டுரை தண்டவாளம் வரைக்கும் போய்விட்டது.

அன்புடன்,
உங்கள் பழைய ஆங்கில வாத்தியார்